கிழக்குக் கரையில் பதினோரு நாவல் மரங்கள்

மே 11, ஞாயிறு

காலையில் கூழ் வடாம் பிழிந்தேன். இரண்டு வேட்டி நிறைய வந்தது. காக்காய் ஓட்ட மாடியிலேயே உட்கார்ந்திருந்ததில், பார்க்க வேண்டாம் என்று நினைத்ததையெல்லாம் பார்க்கும்படி ஆகிவிட்டது.

எதிரே பள்ளிக்கூட வராந்தாவில் சௌந்தரா கூட்டம் போடுகிறாள். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்தபோது அவள் சௌந்தரவல்லி. மெட்ராஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்ததில் வல்லியை எங்கோ தொலைத்துவிட்டாள். கணவர் போனபின் போன வருஷம் இங்கே வீடு வாங்கி வந்தாள். இப்போது ஊரைத் திருத்தக் கிளம்பிவிட்டாள்.

விஷயம் இதுதான். நகராட்சியின் புது முழுமைத் திட்டத்தில் ஆனைக்குளத்தைத் தூர்த்து வணிக வளாகம் என்று போட்டிருக்கிறார்கள். ஜூன் ஒன்பதுக்குள் ஆட்சேபணை கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். இவளுக்கு முப்பதடி காடாத்துணி வேண்டியிருக்கிறது. ஞாயிறுதோறும் குளத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் வந்து அவரவர் வீடு எங்கே இருக்கிறதென்று துணியில் காட்ட வேண்டுமாம். இவள் வர்ணத்தில் வரைவாளாம். எல்லாம் சேர்ந்தால் மக்கள் வரைபடமாம்.

வரைபடம்! நகரமைப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வரைவாளராக இருந்தவள் நான். இந்த ஊரில் நான் அளக்காத சந்து கிடையாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இவர் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, "சும்மா எட்டிப் பாத்துட்டு வரேன்" என்று போனார். மத்தியானம் ஒன்றரைக்கு வந்தார், சட்டையெல்லாம் நீலச் சாயத்தோடு.

மே 12

சாயம் போகவில்லை. மண்ணெண்ணெய் வைத்தும் போகவில்லை.

மே 15

கஸ்தூரி இன்று ஒன்பதரைக்குத்தான் வந்தாள். நேற்று திருவாரூர்ப் பக்கம் நிச்சயதார்த்தமாம். பாத்திரம் தேய்ப்பது அவளுக்குக் கைச்செலவுக்கு. பிழைப்பு கல்யாணச் சமையல்தான். குளத்தின் கிழக்குக் கரையில் இருக்கும் பதினோரு வீட்டுக்காரர்களும் ஒரே சமையல் கோஷ்டி. முகூர்த்த நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த வரிசையில் நாய் மட்டும்தான் இருக்கும்.

"அந்த மெட்ராஸ் அம்மா படம் போடுதாமே, பாத்தீங்களாம்மா? கடைக்காரரு வீட்ட அப்படியே உரிச்சு வச்ச மாதிரி போட்டிருக்காம். சாயம் போன கதவு மொதக்கொண்டு."

"பாத்திரத்துல கை இருக்கட்டும்" என்றேன். கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன். போகும்போது ஒரு டப்பா வடாம் கொடுத்தேன்.

மே 18, ஞாயிறு

போனேன். இவருக்குக் காபி கொடுக்கும் சாக்கில்தான் போனேன்.

சௌந்தரா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நரைத்த முடியை வெட்டிவிட்டிருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் தூரிகையைப் போட்டுவிட்டு எழுந்து கட்டிக்கொண்டாள். "திலகா! இவ்ளோ பக்கத்துல இருந்துக்கிட்டு இப்பதான் வழி தெரிஞ்சுதாடி?" பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எங்க வகுப்புல இவதான் ரொம்ப சுத்தமா வரைவா" என்றாள்.

சுத்தமாக. கழுவித் துடைத்த தரையைச் சொல்வது போல.

துணியைப் பார்த்தேன். அளவு கிடையாது, திசை சரியில்லை, பெருமாள் கோயில் தெரு ஆறு போல வளைந்து ஓடுகிறது. ஆனால் ஒவ்வொருவரும் மண்டியிட்டுக் குனிந்து தங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரிக்கிறார்கள். நான் ஆயிரம் வரைபடமாவது போட்டிருப்பேன். ஒருத்தரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை. மூலையில் 'வரைந்தவர்: தி' என்று ஒரு எழுத்து. அதற்கு மேல் இரண்டு அதிகாரிகள் முழுப்பேரோடு கையெழுத்து போடுவார்கள்.

கல்லூரி முடிந்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். வேலை கிடைத்தது, சேர்ந்துகொண்டேன். அதைப் பற்றி இப்போது என்ன.

இவர் அவளுக்கு வர்ணக் குழம்பு கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் மோர் கலக்கச் சொன்னால் முதுகு வலிக்கும்.

மே 25, ஞாயிறு

கத்திரி வெயில். மூன்றாவது கூட்டம். ஏறக்குறைய முடிந்துவிட்டது. கிழக்குக் கரை மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. மூன்று ஞாயிறும் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள், வைகாசியில் வரிசையாக முகூர்த்தம்.

சௌந்தரா அந்த வெற்றிடத்தைத் தலை சாய்த்துப் பார்த்தாள். கல்லூரியிலேயே அவளுக்குத் துணியில் காலி இடம் இருந்தால் பொறுக்காது. "இங்க என்ன இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டாள். யாரோ, "நாவ மரம் ரெண்டு நிக்கும்" என்றார்கள். அவ்வளவுதான். கிழக்குக் கரையைச் சாலை வரைக்கும் பச்சையாக இழுத்து, அடர்த்தியாக நாவல் தோப்பே போட்டு, ஒரு மீன்கொத்தியையும் உட்கார்த்திவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். இவரும்.

அந்தப் பதினோரு வீட்டையும் நான் அளந்திருக்கிறேன். தொண்ணூற்றெட்டில், இடுப்பளவு காட்டாமணக்குக்குள் நின்று சங்கிலி பிடித்து அளந்தேன். குளத்தின் எல்லைக் கல் வரிசைக்கு வெளியேதான் அத்தனை வீடும் இருக்கிறது.

என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பொதுவாகத்தானே கேட்டாள்.

மே 26

கஸ்தூரி கை முழுக்கத் தேங்காய் துருவிய கீறல். ஆயிரத்து இருநூறு இலையாம்.

"எங்க வரிசையும் போட்டாச்சாம்மா?"

"போடுவாங்க, போடுவாங்க."

"என் வீட்டுக் கதவு பச்சை. அந்தம்மாட்ட சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மே 29

சௌந்தரா வீட்டுக்கே வந்தாள். அவள் வருவதற்குள் இவர் ஹாலைப் பெருக்கினார். நாற்பது வருஷக் குடும்பத்தில் முதல் முறை.

துணியை மனுவோடு வைக்க முடியாதாம். அளவுப்படியான வரைபடம் ஒன்று இணைக்க வேண்டுமாம். "எனக்கு அந்தக் கணக்கெல்லாம் வராதுடி. உன்னை விட்டா யாரு? நான் போட்டிருக்கிறத நீ ஸ்கேலுக்குக் கொண்டுவரணும்."

ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தேன். அப்படி இருந்தது எவ்வளவு சுகம் என்று எழுதத்தான் வேண்டும். பிறகு சொன்னேன்: "என் பேரு முழுசா இருக்கணும்."

"உன் பேர் மட்டும்தான் இருக்கும்" என்றாள்.

அவள் அதற்கு யோசிக்கக்கூட இல்லை. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

ஜூன் 1

டிரேசிங் தாள், மை பேனா, செட் ஸ்கொயர் எல்லாம் பரணிலிருந்து இறங்கின. பேனா அடைத்துக்கொண்டிருந்தது, வெந்நீரில் ஊறவைத்ததும் திறந்துகொண்டது. தெருக்கள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. இவர் பின்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ இப்படி வேலை செஞ்சு நான் பாத்ததே இல்லையே" என்றார். ஆபீசில் செய்தது வீட்டில் எப்படித் தெரியும் என்றேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது, பரவாயில்லை.

ஜூன் 3

கிழக்குக் கரை முடிந்தது.

கொடுத்ததைக் கொடுத்தபடி வரைவதுதான் வரைவாளர் வேலை. மேலே உள்ளவர் போட்டதைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லை என்றுதான் முப்பத்தொரு வருஷமும் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் பச்சையைச் சாலை வரை இழுத்திருந்தாள், நானும் இழுத்தேன். அவள் தோப்பு போட்டிருந்தாள். தோப்பு என்றால் ஸ்கேலில் எத்தனை மரம், எந்த இடம் என்று வேண்டுமே. பதினோரு மரம் போட்டேன். வரிசையாக, அழகாகப் பொருந்தியது.

இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பார்கள். மரத்தைத் தேடுவார்கள், வீடு இருக்கும். சிரிப்பார்கள். அவள் எல்லார் முன்னாலும் ஒரு தடவை அசடு வழியட்டும். ஒரே ஒரு தடவை.

ஜூன் 6

நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தோடு மனு போய்விட்டது. பத்திரிகையில் போட்டோ வந்திருக்கிறது. நடுவில் சௌந்தரா, ஓரத்தில் இவர், பல்லெல்லாம் தெரிய. நான் பத்திரிகையில் இல்லை. ஆனால் வரைபடத்தின் மூலையில் இருக்கிறேன்: 'வரைந்தவர்: ஆர். திலகவதி, வரைவாளர் (ஓய்வு)'. அந்த வரியை எழுத மட்டும் அரைமணி எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 19

பல் வலி. கிராம்புத் தைலம்.

ஜூலை 15

ஜெயித்துவிட்டார்கள். ஆனைக்குளம் நீர்நிலையாகவே இருக்கும் என்று கடிதம் வந்துவிட்டது. பட்டாசு வெடித்தார்கள். கவுன்சிலர் சௌந்தராவுக்குச் சால்வை போட்டார். 'மக்களே வரைந்து தந்த வரைபடத்தின்படி' என்று கடிதத்திலேயே இருக்கிறதாம். யாரும் நேரில் வந்து பார்க்கவே இல்லை. படத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

அவள் சால்வையை அப்படியே எனக்குப் போர்த்தினாள். கழற்றி நாற்காலியில் வைத்தேன். எச்சில் சால்வை எனக்கு எதற்கு?

ஜூலை 24

ஆடி பிறந்து ஒரு வாரம். முகூர்த்தம் இல்லை, கஸ்தூரிக்கு வேலையும் இல்லை. காலையில் ஆறு மணிக்கே வந்துவிட்டாள். முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்து, "என்னம்மா போட்டிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

வட்டாட்சியர் அலுவலக நோட்டீஸ். பதினோரு வீட்டுக்கும் வந்திருக்கிறது. பகுதி மக்களே கையெழுத்திட்டுச் சமர்ப்பித்த வரைபடத்தில் கிழக்குக் கரை சாலை வரை குளத்தின் கரையாகவும் மரங்களாகவும் காட்டப்பட்டிருப்பதால், அங்குள்ள குடியிருப்புகள் நீர்நிலை ஆக்கிரமிப்பு. பதினைந்து நாளுக்குள் தாமாகவே அகற்றிக்கொள்ள வேண்டும்.

படித்துச் சொன்னேன். வரைபடம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என் பேர் இருந்தது. முழுசாக இருந்தது. அதை மட்டும் படிக்கவில்லை.

"யாரும்மா எங்க வீடு இல்லேன்னு சொன்னது?" என்று கேட்டாள். காபி போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

பள்ளிக்கூட வராந்தாவில் கிழக்குக் கரை மொத்தமும் வந்திருந்தது. ஆடி என்பதால் ஒருத்தர் பாக்கியில்லை. அந்தத் துணிக் கூட்டத்தை ஆடியில் போட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை.

சண்டை நடக்கும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்க்கத்தான் போனேன். சௌந்தரா எழுந்து நின்று, "தப்பு என்னோடது. மூணு வாரமும் நீங்க ஏன் வரலேன்னு நான் ஒரு நடை வந்து கேக்கல. காலியா இருந்துச்சு, மரத்த வரைஞ்சுட்டேன். கண்ண மூடிக்கிட்டு வரைஞ்சுட்டேன்" என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் கைகூப்பி அழுதாள்.

கஸ்தூரி போய் அவள் தோளைத் தொட்டாள். "அழுவாதீங்கம்மா. உங்களுக்கு என்ன தெரியும், நீங்க ஊருக்குப் புதுசு."

பார்த்துக்கொண்டு நின்றேன். தப்புகூட அவளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அதற்கும் மாலை மரியாதைதான்.

யாராவது, 'வரைந்தது திலகவதி அம்மாதானே' என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாருக்கும் தோன்றவே இல்லை.

ஜூலை 31

மேல்முறையீட்டு விசாரணை ஐந்தாம் தேதியாம். எல்லைக்கு வெளியேதான் வீடு இருக்கிறதென்று ஆதாரம் காட்ட வேண்டும். சௌந்தராவும் இவரும் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள். பழைய படம் எதுவும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்களாம்.

இருக்கிறது. எங்கள் நகரமைப்பு ஆபீஸ் மாடியில், இரண்டாவது இரும்பு அலமாரி, 1998 கட்டு. நான்தான் கட்டி வைத்தேன். அந்தப் படத்தின் மூலையில் 'தி' என்று இருக்கும். அதை எடுத்துக் கொடுத்தால், வீடு இருப்பது எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இவரிடம் சொல்லவில்லை. இரவு தயிர்சாதம்.

ஆகஸ்ட் 2

கஸ்தூரியும் அவள் தங்கையும் பெரிய பித்தளை அண்டா ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்கள். கோஷ்டியின் அண்டா, ஐம்பது படி சோறு வேகும். "வீடு போச்சுன்னா இத எங்க வைக்கிறது? ஆவணி பொறந்தா வேலை வரும். அதுவரைக்கும் உங்க கொல்லையில கெடக்கட்டும்மா. உங்கள விட்டா எனக்கு யாரு?"

துளசி மாடத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்கள். துணி துவைக்கப் போனாலும் அதுதான், குப்பை கொட்டப் போனாலும் அதுதான். கொல்லைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 4

அலுவலகத்துக்குப் போன் செய்து அலமாரி எண்ணைச் சொல்லிவிட்டேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வட்டாட்சியர் சின்னப் பெண். முப்பதைத் தாண்டியிருக்காது. என்னை உட்காரச் சொல்லி, "நீங்க சொன்ன கட்டு கெடச்சுது மேடம்" என்றாள். அறையில் சௌந்தரா, இவர், கஸ்தூரி, அவர்கள் ஆட்கள் நாலு பேர். மூலையில் ஒரு கிளார்க் வாக்குமூலம் எழுத உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூற்றெட்டு படத்தில் பதினோரு வீடும் இருப்பதாகவும், எல்லைக் கல்லுக்கு வெளியே இருப்பதாகவும், நானே அளந்ததாகவும் சொன்னேன். வட்டாட்சியர் முகம் தெளிந்தது. "அப்ப இந்தப் புதுப் படத்துல கவனக்குறைவா விட்டுப்போச்சு. அவ்ளோதானே மேடம்? அப்படியே எழுதிக்குங்க" என்று கிளார்க்கிடம் சொன்னாள். எனக்கு உதவத்தான் சொன்னாள்.

அவர் எழுத ஆரம்பித்தார். சும்மா இருந்திருக்கலாம். வீடு பிழைத்துவிட்டது, நானும் பிழைத்துவிட்டேன். ஆனால் கவனக்குறைவு என்ற சொல் என்னால் தாங்க முடியவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் என் படத்தில் ஒரு கோடு பிசகியது கிடையாது. இத்தனைபேர் முன்னால், அதுவும் அவள் முன்னால், கவனக்குறைவா?

"அப்படி எழுதாதீங்க" என்றேன்.

எழுந்து போய் தொண்ணூற்றெட்டு படத்தை மேஜையில் விரித்தேன். அதன்மேல் என் டிரேசிங் தாளை வைத்து, குளத்தின் நாலு மூலையையும் சேர்த்தேன். இரண்டும் ஒரே ஸ்கேல். பதினோரு நாவல் மரமும் பதினோரு வீட்டின் மேல் உட்கார்ந்தன. மயிரிழை விலகவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

வட்டாட்சியர் நிமிர்ந்தாள். "மேடம், இது தெரிஞ்சு போட்ட மாதிரில்ல இருக்கு."

"தெரிஞ்சுதான் போட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு மரம்."

"ஏன்?"

"பொறாமை."

கிளார்க் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டார். "அதெல்லாம் வாக்குமூலத்துல எழுதுறதில்லீங்க." வட்டாட்சியரும், "யோசிச்சுச் சொல்லுங்க மேடம், உங்க பென்ஷனுக்கே வில்லங்கமாகலாம்" என்றாள்.

"எழுதுங்க" என்றேன்.

கையெழுத்துக்கு முன்னால் சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. படித்தார். 'மேற்படி சௌந்தரவல்லி அவர்கள்பால் கொண்ட பொறாமையினால், மேற்படி வீடுகள் இருப்பதை நன்கு அறிந்தே, அவற்றை மறைத்து மரங்களாக வரைந்தேன்.' இவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும் என்றார்கள். இவர் நகரவில்லை. கஸ்தூரி வந்தாள். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். என் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு வந்து அண்டாவ எடுத்துக்குறோம். வேற ஆளு பாத்துக்குங்க" என்றாள்.

நோட்டீஸை ரத்து செய்து உத்தரவு போட்டார்கள். வெளியே எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது சௌந்தரா வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு, "எம்மேலயா திலகா? நான் உன்னைப் போட்டியா ஒரு நாளும் நெனச்சதே இல்லையேடி" என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 6

அண்டாவை எடுத்துப் போய்விட்டார்கள். நான் உள்ளேயே இருந்தேன். இவர் பேசவில்லை. ஆனால் தட்டைக் கழுவி வைத்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாத்திரம் தேய்த்து விரலெல்லாம் வெடிப்பு. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

இவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்து, ஐந்து நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தார். துணியில் நாவல் தோப்பின் மேல் வெள்ளை அடித்துவிட்டார்களாம். மீன்கொத்தியும் போயிற்று. கிழக்குக் கரைக்காரர்கள் எல்லோரும் வந்து வீட்டைக் காட்ட, சௌந்தரா வரைந்தாளாம். கஸ்தூரி மட்டும், "நானே போடுறேன்" என்று தூரிகையை வாங்கிக்கொண்டாளாம்.

"பச்சைக் கதவு, ஓடு, வாசல்ல கெடக்குற அண்டா, எல்லாம் போட்டா. ஸ்கேல் கிடையாது ஒண்ணு கிடையாது, ஒரே இழுப்பு. சௌந்தராவே அசந்துட்டா. யாருகிட்ட கத்துக்கிட்டேன்னு கேட்டா. யாரும் கத்துக் குடுக்கலேன்னு சொல்லுது."

அவளுடைய வீடு நிற்கிறது. அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும். கொஞ்சம் படுகிறேன் என்றும் நினைக்கிறேன். ஆனால் இதைக் கேட்டதிலிருந்து வயிறு எரிகிறது. இந்த முறை சௌந்தராவினால் இல்லை.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்க்க வேண்டும். அப்படி எவ்வளவு நேராகத்தான் போட்டிருக்கிறாள்?